குறையுள்ள உறுப்புகளும் குன்றாத சுருதியும்

பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-ஆம் ஆண்டில் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். இன்று அவ்வகைக் கருவி கச்சேரி மேடைகளிலும் இசைப் பள்ளிகளிலும் சாதாரணக் காட்சியாகிவிட்டது. அரைக்கடத்திகளைக் கொண்டு நாதம் எழுப்ப முனைவோர் அனைவர் முன்னும் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: உஷ்ணநிலைக்கேற்ப இயல்பு மாறும் உறுப்புகளிலிருந்து மாறாத சுருதியைப் பெறுவது எங்ஙனம்?

இக்குறை சிறிதன்று. ஸிந்தஸைஸர் என்னும் இசைக்கருவியில் அலையியற்றியின் சுருதியை மின்னழுத்தத்தால் ஆள்வதற்குச் சிலிக்கான் டிரான்ஸிஸ்டர் பயன்படுகிறது. அதன் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலான மின்னழுத்தம் சுமார் 18 மில்லிவோல்ட் உயர்ந்தால் மின்னோட்டம் இருமடங்காகிறது; சுருதி ஒரு ஸ்தாயி ஏறுகிறது. ஆனால், உஷ்ணநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே, அதே மின்னோட்டத்துக்குத் தேவையான மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துவிடுகிறது. இது ஸ்தாயியில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு ஸ்வரஸ்தானத்தையும் விஞ்சும் பிழை.

விலையுயர்ந்த உறுப்பைத் தேடுவது இதற்குப் பரிகாரமன்று. ஒத்த இயல்புடைய மற்றொரு டிரான்ஸிஸ்டரை முதலாவதுடன் ஒட்டிவைத்து, இரண்டின் மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் பயன்படுத்தினால், ஒன்றின் பிழையை மற்றொன்று கழித்துவிடும். எஞ்சுவது, டிகிரிக்கு 0.33 சதவீத அளவிலான மாற்றமே. உஷ்ணம் ஏறும்போது ஏறக்குறைய அதே வீதத்தில் உயரும் மின்தடையொன்று அதையும் ஈடுசெய்யும். அவ்வாறே, பாலியெஸ்டர் மின்தேக்கியின் மதிப்பு உஷ்ணத்தால் கூடுகிறது. கார்பன் படல மின்தடையின் மதிப்பு குறைகிறது. இரண்டையும் தக்கவாறு இணைத்தால் அதிர்வெண் பெரும்பாலும் நிலைபெறும். குறையைக் குறையாலேயே வெல்லும் வழி இதுவாகும்.

இப்படிப்பினை நம் வகுப்பறைகளில் போதிய இடம் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. பாடநூற்படங்களில் மின்தடை எந்நாளும் மாறாது. டிரான்ஸிஸ்டர்கள் யாவும் ஒன்றுபோலவே இயங்கும். அதையே நம்பிப் பயிலும் மாணவன், தான் செய்த கருவி நண்பகலில் வழுவும்போது உறுப்பைப் பழிக்கிறான், அளந்து பார்ப்பதில்லை. வெயிலில் அளவுக்கருவியைச் சுமந்து செல்லும் களப்பணியாளரும், காலையில் கண்ட அளவு பிற்பகலில் மாறுவதற்கு இத்தகைய உஷ்ண விளைவும் காரணமாகலாம் என்பதை உணர்தல் நலம்.

ஆசிரியர்கள் ஒரு சோதனையைச் செய்துகாட்டலாம். எளிய அலையியற்றிகள் இரண்டை, ஒன்று 240 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 241 ஹெர்ட்ஸிலும் ஒலிக்குமாறு அமைத்தால், நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். ஒன்றின் மின்தேக்கியை மட்டும் இலேசாகச் சூடேற்றினால் விம்மலின் வேகம் மாறும். சூத்திரம் விளக்காததைச் செவி விளக்கிவிடும். பின்னர், வெவ்வேறு மின்தடைகளை மாற்றிப் பொருத்தி, எந்த இணையில் மாற்றம் மிகக் குறைவு என்பதை மாணவர்களே கண்டறியட்டும்.

குறையற்ற உறுப்பு எந்நாட்டிலும் உற்பத்தியாவதில்லை. நம்பத்தக்க கருவியோ, உறுப்புகளின் குறைகளை அளந்தறிந்தவர் கையில் எங்கும் உருவாகும்.