பூனையைத் தடுக்கலாம், விஷம் வைக்கலாமா?



மழைநீர் சேகரிப்பு, மரம் வளர்ப்பு என்று எழுதும் இந்தப் பலகையில் "பூனைக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதே ஒரு பூனையால்தான். ஒருவர் வளர்க்கும் பூனை அடுத்தவரின் கீரைப் பாத்தியைத் தினமும் கிளறிவிடுகிறது. "இன்னொரு தடவை வரட்டும், மீன் தலையில எலி மருந்து வெச்சிடறேன்" என்கிறார் கீரை போட்டவர். "வாயில்லா ஜீவனுக்கு வேலியா போட முடியும்?" என்கிறார் பூனை வளர்ப்பவர்.

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கீரை போட்டவரின் கோபம் நியாயமானது. பூனைக்குப் பொலபொலவென்ற காய்ந்த மண் என்றால் கொள்ளை ஆசை. மண்ணைப் பறித்து, மலம் கழித்து, மூடிவிட்டுப் போவது அதன் சுபாவம். புதிதாக விதை தூவிய பாத்திதான் அதற்கு நல்ல கழிப்பறை! விதை போனால் மறுபடி தூவலாம். ஆனால் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அதனால் கர்ப்பிணிகள் வெறும் கையால் தோட்ட மண்ணைத் தொடக் கூடாது. மற்றவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீரையை நன்றாக அலசித்தான் சமைக்க வேண்டும்.

அதற்காக விஷம் வைக்கலாமா? கூடவே கூடாது. மீன் தலையைப் பூனைதான் தின்னும் என்று என்ன நிச்சயம்? காக்காய் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு மாடியில் போடலாம், நாய் தின்னலாம், தவழும் குழந்தை கையில் எடுக்கலாம். சட்டமும் சும்மா விடாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி, பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். இத்தனைக்கும் பிறகு பலன் என்ன? சாப்பாடும் எலியும் இருக்கிற தெருவில் ஒரு பூனை போனால் இன்னொரு பூனை வரும். சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவருவதும் இதே கதைதான்.

சிலர் பாச்சை உருண்டை போடுகிறார்கள். அதில் இருக்கும் நாஃப்தலீன் விஷம். மிட்டாய் என்று நினைத்துச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் இரத்தச் சிவப்பணுக்களே சிதையும். மிளகாய்த் தூளும் வேண்டாம். பூனை மிதித்த காலால் முகத்தைத் துடைக்கும். கண் எரிந்து துடிக்கும்.

அப்புறம் என்னதான் செய்வது? பூனையை மாற்ற முடியாது, மண்ணை மாற்றலாம். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் செய்வதையே சொல்கிறேன்.

1. விதை தூவியதும் பாத்தி மேல் கோழி வலையைப் படுக்க வைத்து, ஓரத்தில் கல் வைக்கிறோம். முளை கண் வழியாக மேலே வந்துவிடும். பூனையால் பறிக்க முடியாது. செடி வளர்ந்து வலையில் சிக்குவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

2. வலை இல்லாத இடத்தில் எலுமிச்சை முள் குச்சிகளை நெருக்கமாக நடுகிறோம். கத்தரி, மிளகாய்ச் செடிகளைச் சுற்றிக் கொட்டாங்கச்சி, ஓட்டுச்சில்லு. கால் வைக்கத் தோதில்லாத இடத்துக்குப் பூனை வராது.

3. சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிடுகிறோம். ஈர மண் அதற்குப் பிடிக்காது.

4. மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் செடிக்குக் கொட்டுவதில்லை. கொட்டினால், நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி!

5. குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று ஒரு பேர் உண்டு. அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கி உருளும். களை பறித்தால் அந்த வேரைப் பாத்தியிலேயே போட்டுவிடக் கூடாது.

6. தோட்டத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் காய்ந்த மணல். "இங்கே போ" என்று பூனைக்கு நாம் காட்டும் இடம் அது. தினமும் மண்வெட்டியால் அள்ளிவிட வேண்டும். அந்த ஒட்டுண்ணி வெளியே வந்து, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால் ஊற்றுவதோடு கடமை முடிந்துவிடாது. உங்கள் வீட்டிலேயே ஒரு மணல் தட்டு வையுங்கள். பூனை ஆறு மாத வயதுக்குள்ளேயே சினைபிடிக்கலாம். இரண்டே மாதத்தில் குட்டி போடும். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்யாமல் விட்டால், குட்டிகள் எல்லாம் தெருவின் பொறுப்பாகிவிடும். 'என் பூனை' என்று கொஞ்சுகிறவர், அது செய்த சேதத்துக்கும் 'என் பூனை' என்றுதானே சொல்ல வேண்டும்?

எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தின் 51A பிரிவு சொல்கிறது. அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினால் போதாது. நம் பள்ளித் தோட்டத்தில் அடுத்த வாரம் தண்டுக்கீரை விதைக்கப் போகிறார்களாம். பூனையை விரட்டக் கல் பொறுக்கும் நண்பர்களே, அந்தக் கல்லைக் கொண்டுவாருங்கள். கோழி வலையின் ஓரத்தில் வைக்க உதவும்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி