நான் சொன்ன பாதி அறிவுரை

"தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். பணம் கட்டச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள்."

காலை நிகழ்ச்சியில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. மோசடிக் கும்பலிடம் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நேரலையில் அழுவதைக் கேட்டவள் நான். அதனால் அழுத்தமாகவே சொன்னேன். கிள்ளானில், சமையலறை மேசையில் வானொலியை வைத்துக்கொண்டு தினமும் கேட்கும் ஒரு நேயர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் என் அப்பா.

அப்பாவுக்கு 69 வயது. 2007-இல் மருத்துவக் காப்புறுதி எடுத்தார். அப்போதெல்லாம் எங்கள் தாமானில் இருந்த ஏஜெண்டு மாமா வீட்டுக்கே வருவார். தேநீர் குடிப்பார், பணம் வாங்குவார், ரசீது எழுதிக் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, மாதத் தவணை அப்பாவின் கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் போகும்படி நான்தான் ஏற்பாடு செய்தேன். "இனிமே கவலையே இல்லப்பா" என்றேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண் மங்கியது. கண்புரை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். தனியார் மருத்துவமனை கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தார். "அங்கிள், இந்தப் பாலிசி இப்போ நடப்புல இல்ல. நாலு மாசத்துக்கு முன்னாடியே ரத்தாயிருக்கு."

"18 வருஷமா கட்டுறேனேம்மா" என்றார் அப்பா. அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

நடந்தது இதுதான். அப்பாவின் கிரெடிட் கார்டு காலாவதியாகி, வங்கி புதியதை அனுப்பியிருக்கிறது. புதிய கார்டின் விவரத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. பழைய கார்டில் பணம் பிடிக்க முடியவில்லை. சலுகைக் காலமும் முடிந்தது. பாலிசியும் நின்றது.

நிறுவனத்திடம் கேட்டேன். குறுஞ்செய்தி அனுப்பினோம், மின்னஞ்சல் அனுப்பினோம், நான்கு முறை போன் செய்தோம் என்றார்கள். மின்னஞ்சல் போனது என் தம்பி எப்போதோ திறந்து கொடுத்த முகவரிக்கு. அதன் கடவுச்சொல் தம்பிக்கே நினைவில்லை. போன் அழைப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

"ஆமா, ஒரு பொண்ணு பிரீமியம் கட்டலன்னு போன் பண்ணுச்சு. நான் யாருன்னு நெனச்சே, 997-க்கு அடிக்கவான்னு கேட்டேன். வச்சிடுச்சு. நீ ரேடியோல சொன்ன மாதிரிதாம்மா செஞ்சேன்."

997 என்பது தேசிய மோசடி உதவி மையத்தின் எண். அதையும் நான்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்தது.

பாலிசியைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். நிலுவையைக் கட்ட வேண்டும், உடல்நலப் பாரத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும், காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பாலிசி நின்றிருந்தபோது தெரியவந்த கண்புரைக்குப் பாதுகாப்பு கிடையாது. அப்பா இப்போது அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டுத் தேதிக்காகக் காத்திருக்கிறார்.

விதிப்படி நிறுவனம் தவறு செய்யவில்லை. ஆனால் 18 ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய ஒருவர் திடீரென்று கட்டாமல் போனால், நான்கு அழைப்புக்குப் பிறகு ஒரு பதிவுத் தபால் அனுப்பக்கூடாதா? பெரியவர்களிடம் "யாரையும் நம்பாதே" என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதே போனில் வரும் அறிவிப்பை மட்டும் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

இதை வானொலியில் சொன்னேன். அழைத்தவர்களில் பலர் அப்பா வயதுக்காரர்கள். ஓர் அம்மா ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். ஆனாலும், இன்னும் பணம் போடாவிட்டால் பாலிசி நின்றுவிடும் என்று கடிதம் வந்திருக்கிறது. அவருடையது முதலீட்டோடு இணைந்த பாலிசி. அதில் காப்புறுதிக் கட்டணம் முதலீட்டுக் கணக்கிலிருந்து மாதாமாதம் கழிக்கப்படும். வயது ஏற ஏற அந்தக் கட்டணமும் ஏறும். கணக்கு கரைந்துவிட்டால், ஒழுங்காகக் கட்டினாலும் பாலிசி நிற்கும். "சேரும்போது இத யாரும் சொல்லலம்மா" என்றார்.

மருத்துவக் காப்புறுதியின் பிரீமியம் ஒரேயடியாக ஏறியதால் கைவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா சில தற்காலிக ஏற்பாடுகளை அறிவித்தது. கட்டண உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். இது 2026 இறுதிவரை. 60 வயதைத் தாண்டி, தங்கள் திட்டத்தின் ஆகக் குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு உயர்வு ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த உயர்வால் 2024-இல் பாலிசியை விட்டவர்கள், புதிய உடல்நல மதிப்பீடு இல்லாமல் அதைத் திரும்பக் கேட்கவும் வழி செய்யப்பட்டது. நேரலையில் அழைத்தவர்களில் இதை அறிந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

புகார் சொல்லவும் இடமுண்டு. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதன் இறுதிப் பதிலில் திருப்தி இல்லை என்றால், 6 மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பை நாடலாம். பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. பேங்க் நெகாராவின் எண் 1-300-88-5465.

பிள்ளைகளாகிய நமக்கும் வேலை இருக்கிறது. இந்த வாரம் அப்பா அம்மாவின் பாலிசிக் கோப்பைக் கையில் எடுங்கள். தவணை எந்தக் கார்டில் போகிறது, அது எப்போது காலாவதியாகிறது, நிறுவனத்திடம் உள்ள போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். அவர்கள் அனுமதியோடு உங்கள் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வங்கி புதிய கார்டு அனுப்பினால் அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

வானொலியில் நான் சொன்னது பாதிதான். வரும் அழைப்பை நம்பாதீர்கள் என்றேன். பாலிசிப் பத்திரத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள் என்ற மீதியைச் சொல்ல மறந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் நான் கிள்ளானில் இருந்தபோது அப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சரிம்மா, நீ வச்சிரு. நானே கூப்பிடுறேன்."