கொன்ராட்டா, ஜெரமையாவா? கேள்வியே பிழை

டிக்டொக்கிலோ ரீல்ஸிலோ புத்தகங்கள் பற்றின வீடியோ நாலைந்தைப் பார்த்திருந்தால், ‘த சமர் ஐ டேர்ன்ட் பிரிட்டி’ கட்டாயம் உங்களிடமும் வந்து சேர்ந்திருக்கும். ஒரு கடற்கரை, பின்னால ஒரு டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டு, கடைசியில ஒரு கேள்வி: நீங்கள் டீம் கொன்ராட்டா, டீம் ஜெரமையாவா? 2022இல் அமேசன் பிரைமில் தொடராக வரத் தொடங்கி, 2025 செப்டெம்பரில் மூன்றாவது சீசன் முடியும்வரை இந்தச் சண்டைக்கு ஓய்வே இருக்கவில்லை.

இத்தனைக்கும் ஜெனி ஹான் இந்த நாவலை வெளியிட்டது 2009இல். டிக்டொக் எண்ட ஒண்டே அப்ப இல்லை. தொடர் வந்தபோது பழைய நாவல் புது அட்டையோட திரும்பக் கடைக்கு வந்தது. நானும் அந்த அலையிலதான் வாசிச்சன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: புத்தகம் ஏமாற்றம். ஏன் எண்டு சொல்ல, கதையைக் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கு. இன்னும் வாசிக்காதவர்கள் விரும்பினால் இங்கேயே நிற்பாட்டலாம்.

பெல்லி எண்ட பிள்ளைக்கு 16 வயதாகப் போகுது. ஒவ்வொரு கோடை விடுமுறையும் அம்மா லோரலோடும் அண்ணன் ஸ்டீவனோடும் கஸின்ஸ் எண்ட கடற்கரை ஊருக்குப் போவாள். அங்கே அம்மாவின் உயிர்த்தோழி சூசன்னாவின் வீடு. சூசன்னாவுக்கு இரண்டு பெடியன்கள். மூத்தவன் கொன்ராட், இளையவன் ஜெரமையா. இத்தனை வருஷமும் அவளைச் சின்னப்பிள்ளையாக நினைத்தவர்கள், இந்த வருஷம் அவள் காரால் இறங்கும்போது வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். தலைப்பு சொல்வதும் அதைத்தான்: நான் அழகான கோடை.

என் பிரச்சினை இங்கேதான் தொடங்குது. அந்த ஒரு பார்வையைத் தாண்டி பெல்லியைப் பற்றி நாவல் பெரிதாக ஒண்டும் சொல்லவில்லை. நீந்துவாள், சரி. வேற? அவளுக்கு என்ன படிக்க ஆசை, எதுக்குச் சிரிப்பாள், வீட்டுக்குத் திரும்பிப் போனால் அவளின் நாள் எப்படிப் போகும்? முழுக் கதையையும் அவளே சொல்கிறாள், ஆனாலும் அவளை எங்களுக்குத் தெரியாது. இடையிடையே 11 வயது, 12 வயது, 14 வயது எண்டு பழைய கோடைகளுக்குப் போகும் அத்தியாயங்கள் வரும். அதிலயும் கூடுதலாக இந்தப் பெடியன்கள்தான். தோழி டெய்லர் ஒருதரம் கூட வருகிறாள், அதுவும் கடைசியில போட்டியும் பொறாமையுமாகத்தான் முடியுது.

கொன்ராட் ஒருநாள் அன்பாகப் பேசுவான், அடுத்தநாள் ஆளே தெரியாத மாதிரி இருப்பான். அவனுக்குக் காரணம் இருக்கு. அம்மாவின் புற்றுநோய் திரும்பி வந்த சுமையோட நிற்கிற பிள்ளை அவன். அதை நாவல் சொல்லும்போது எனக்கும் மனசு கனத்தது. ஆனால் அந்த முகம்சுளிப்பையும் மௌனத்தையும் ரீல்ஸில் ‘இவன்தான் உண்மையான காதலன்’ எண்டு வெட்டி ஒட்டும்போது, காரணம் கழண்டு போய் சுளிப்பு மட்டும் மிஞ்சுது. அதே புத்தகத்தில் கேம் எண்டு ஒரு பெடியன் வாறான். எப்போதோ சந்தித்ததை ஞாபகம் வைத்து, அவளோட மரியாதையாகப் பழகுகிறான். அவனுக்கு டீமும் இல்லை, ரீலும் இல்லை.

பெல்லி பிறந்ததிலிருந்தே தன் மகன்களில் ஒருத்தனுக்குத்தான் அவள் எண்டு சூசன்னா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாவல் இதை இனிமையான விஷயமாகச் சொல்லுது. எங்கட ஊரில பிறந்த உடனே “இவள் எங்கட வீட்டு மருமகள்” எண்டு மாமிமார் சொன்னால் நாங்கள் எவ்வளவு கோபப்படுவோம்? கஸின்ஸ் கடற்கரையில் சொன்னால் மட்டும் அது எப்படி ரொமான்ஸ் ஆகுது? “எந்த டீம்?” எண்ட கேள்வியும் இதே வேலையைத்தான் செய்யுது. இரண்டு பேரில் ஒருத்தன் எண்டது முதலே முடிவாகிவிட்டது. பெல்லிக்கு வேறு என்ன வேணும் எண்டு கேட்க இடமே இல்லை.

புத்தகத்தில் நல்லது ஒண்டுமே இல்லை எண்டு சொல்ல மாட்டேன். லோரலும் சூசன்னாவும் வரும் இடங்கள் அருமை. சின்ன வயதிலிருந்து தோழிகள், இரண்டு பேருக்கும் பிள்ளைகள், கூட இருக்கப்போகிற காலம் குறைவு எண்டு தெரிந்தும் சிரித்துக்கொண்டு கழிக்கிற ஒரு கோடை. எனக்கு மனதில் நிண்டது அதுதான். நான் பார்த்த ஒரு ரீலிலும் அவர்கள் இல்லை.

இப்படி எழுதினால் “காதல் கதை எண்டாலே உங்களுக்கு இளக்காரம்” எண்டு சிலர் வருவார்கள். அப்படியில்லை. அம்மாமார் ரமணிசந்திரன் வாசித்தபோது சிரித்தவர்கள், இப்போது பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. இதே ஜெனி ஹான் 2014இல் ‘டு ஆல் த பாய்ஸ் ஐ’வ் லவ்ட் பிஃபோர்’ எழுதினார். அதுவும் காதல் கதைதான், அதையும் நான் ரசித்துத்தான் வாசித்தேன். ஆனால் அதில் வரும் லாரா ஜீனுக்கு அக்காவும் தங்கச்சியும் இருக்கினம். இறந்துபோன கொரிய அம்மாவின் நினைவு இருக்கு, கேக் சுடும் பைத்தியம் இருக்கு, அனுப்பாமல் ஒளித்து வைத்த கடிதங்கள் இருக்கு. பீட்டரைக் கதையிலிருந்து தூக்கினாலும் அவள் மிஞ்சுவாள். கொன்ராட்டையும் ஜெரமையாவையும் தூக்கினால் பெல்லியிடம் என்ன மிஞ்சும்?

2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்த பிறகு, இறக்குமதியாகிற ஒரு ஆங்கில நாவல் எங்களுக்குச் சின்னச் செலவில்லை. காசைக்கூட விடுங்கோ. 15, 16 வயதில் வாசிக்கிற காதல் கதைகளிலிருந்துதான் எங்களில் கனபேர் காதல் எப்படி இருக்கும் எண்டு கற்பனை பண்ணத் தொடங்குகிறோம். ஒருத்தன் திரும்பிப் பார்த்தால்தான் வாழ்க்கை தொடங்கும் எண்டு அந்த வயதில் மனதில் பதிந்தால், பிறகு அதைக் கழுவி எடுக்கிறது லேசில்லை.

அதனால் அடுத்த முறை ஒருத்தர் “கட்டாயம் வாசி, அழுவாய்” எண்டு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால், ஒண்டு மட்டும் கேளுங்கோ: அந்தப் பெடியனைக் காணாத நேரத்தில் அவள் என்ன செய்வாள்? பதில் வந்தால் வாங்கலாம். வராவிட்டால் நூலகத்திலோ கூட்டாளியிடமோ இரவல் எடுத்தால் போதும். இந்தப் புத்தகத்தை அப்படி எடுத்தீர்கள் எண்டால், லோரலும் சூசன்னாவும் வரும் பக்கங்களைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கோ.