கர்ப்பவதியின் உபவாசம்



கடந்த லெந்து நாட்களில், நமது உபவாச ஜெபத்தில் ஏழு மாதக் கர்ப்பவதியான சகோதரி ஒருவர் மயங்கி விழுந்தார். தாயும் சேயும் காக்கப்பட்டார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆயினும், அவரை முன்னரே தடுக்காதது என் தவறு. ஆகவே இன்று வெளிப்படையாகச் சொல்லுகிறேன்: கர்ப்பவதிகள் ஆகாரத்தை விட்டு உபவாசிக்கவேண்டாம்.

நியாயாதிபதிகள் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மனோவாவின் மனைவிக்குத் தூதன் உபவாசத்தைக் கட்டளையிடவில்லை; எதைக் குடிக்கலாகாது, எதைப் புசிக்கலாகாது என்றே போதித்தான். மனோவா விசாரித்தபோது அதையே அவனுக்கும் திரும்பச் சொன்னான். அப்படியானால், கர்ப்பவதியின் ஆகாரம் கணவனுக்கும் ஒப்புவிக்கப்பட்ட பொறுப்பல்லவா?

சகோதரர்களே, நான்காம் மாதம் முதல் 180 நாட்கள் உட்கொள்ளவேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் மனைவி தவறாமல் உட்கொள்ளுகிறாரா என்று கவனியுங்கள். இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்; வண்டியில் போகும்போதே ஜெபிக்கலாம். மருத்துவரிடம் விரைவது அவிசுவாசமன்று.

தேவன் தந்த ஜீவனைப் பேணுவதும் ஆராதனையே. ஆமென்.