பிள்ளைகளையும் காணோம், விசாரணையையும் காணோம்



"காணாமல் போனார்" என்று இனி நாம் சொல்லக்கூடாது. மேய்ச்சலுக்குப் போன மாடு காணாமல் போகலாம். வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளை அப்படிப் போவதில்லை. யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

2008, 2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். பெற்றோரிடம் கப்பம் கேட்கப்பட்டது. அவர்களைத் திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில், 'கன்சைட்' நிலக்கீழ் சிறையில் வைத்திருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. 2015 நவம்பரில் ஐ.நா. செயற்குழுவும் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தது.

ஆகவே இதில் மர்மம் என்ன இருக்கிறது? சாட்சி இருந்தது. இடம் தெரிந்தது. 2019இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட உட்பட 14 பேர் மீது 667 குற்றச்சாட்டுகள் தாக்கலாயின. அவர் அவற்றை மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆட்சி மாறியதும் வழக்கை விசாரித்த பொலிஸ் பரிசோதகர் நிஷாந்த சில்வா நாட்டை விட்டே போனார். 2021 அக்டோபரில், முன்னாள் தளபதிக்கு எதிரான வழக்கைக் கொண்டுநடத்தப் போவதில்லை என்றார் சட்டமா அதிபர். டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநர்! குற்றமா, இல்லையா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியதை ஓர் அலுவலகமே முடித்துவிட்டது.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயர்கூட 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' தான். அது தேடலாம், யாரையும் தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை.

"இது திருகோணமலைக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்களில் கொழும்புக் கடைகளுக்கும் பங்களாக்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் யார் பிள்ளைகள்? நம் லயத்துப் பிள்ளைகள். தமிழில் பேசியதற்காகவே சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்டவர்கள். தீபாவளிக்குப் பிள்ளை வீடு வந்து சேரும்வரை நம் தாய்மார் கண்மூடவில்லை.

கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். 11 உயிருக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா?

நாம் கேட்பது நட்டஈடு மட்டுமல்ல. வழக்கு முழுமையாக நடக்கட்டும். பதவி பார்க்காமல் எல்லோரும் கூண்டில் ஏறட்டும். 2017 முதல் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் வடக்கு, கிழக்குத் தாய்மாரோடு ஆகஸ்ட் 30இல் மலையகமும் நிற்கட்டும். வாய் மூடி இருந்தால், அடுத்த விசாரணையும் காணாமல் ஆக்கப்படும்!