தபால் வாக்கும் ரகசியமும்

2014-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி, சுதந்திர ராஜ்யம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து ஜனங்கள் வாக்களித்தனர். நூற்றுக்கு 55 பேர் வேண்டாமென்றனர். அம்முடிவைப் பற்றி நமக்கு விவாதமில்லை. முறையைப் பற்றியே பேசுகிறோம்.

தபாலில் வந்த உறைகள் வாக்குத் தினத்துக்கு முன்பே இரு தரப்பு ஏஜெண்டுகளின் எதிரில் திறக்கப்பட்டன. கையொப்பத்தையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பார்ப்பதே நோக்கம்; வாக்குச் சீட்டைக் கவிழ்த்தே வைக்கவேண்டுமென்பது விதி. ஆயினும், திறந்தவிடத்தில் கண்டதைக் கொண்டு தம் தரப்பார் கணக்கிட்டனர் என்று பொருள்பட ஒரு தலைவர் அன்றிரவே டெலிவிஷனில் பேசினார். போலீஸ் விசாரணையும் நடந்தது.

காற்று எப்பக்கம் வீசுகிறதென்று முன்னரே அறிந்த கட்சி, தான் தளர்ந்த ஊருக்கு ஆட்களை அனுப்பும். அறியாத கட்சி இருட்டில் நிற்கும். இது சமமான போட்டியாகுமா?

நோயாளிகளுக்கும் வெளியூர்வாசிகளுக்கும் தபால் வாக்கு அவசியமே. அதை ஒழிக்கச் சொல்லோம். வெளியுறையிலுள்ள அத்தாட்சிப் பத்திரத்தை முன்னதாகச் சோதிக்கட்டும். சீட்டு அடங்கிய உள்ளுறையை வாக்குப் பதிவு முடியுமுன் எவரும் பிரிக்கலாகாது. இதனால் முடிவு சில மணி நேரம் தாமதிக்கலாம். ஒரு தேசத்தின் தலைவிதிக்காக ஓரிரவு காத்திருப்பதில் யாதொரு நஷ்டமுமில்லை.