பக்கம் சுருங்கட்டும், நிரல் உடைய வேண்டாம்

ஈஜோக் வட்டாரத்தில் ஒரு தோட்டக் கோயிலுக்கு அகப்பக்கம் செய்து கொடுத்திருக்கும் இளைஞர் கேட்கிறார்: "செம்பனைக் காட்டுக்குள் இணைய வேகம் குறைவு. பக்கத்தின் எடையைக் குறைக்க, இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் எல்லாம் நீக்கினேன். எடை குறைந்தது. ஆனால், திருவிழா உபயம் பதியும் பாரத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. என்ன செய்வது?"

பொத்தான் மேல் பழி இல்லை தம்பி. பக்கத்தின் எழுத்துப் பகுதியில் வரிகளை ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அப்படியல்ல. வரி முறிவுக்கு அங்கே பொருள் உண்டு. நிரல் எழுதுகிறவர் தம் நினைவுக்காக இரட்டைச் சாய்கோடு போட்டு ஒரு குறிப்பு எழுதியிருப்பார். வரி முடியும் இடத்தில்தான் அந்தக் குறிப்பு முடிகிறது. வரி முறிவை எடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள நிரல் முழுவதும் குறிப்பாகிவிடும். பிரௌசர் அதைத் திரும்பியும் பார்க்காது.

சரி, குறிப்புகளை முதலில் வெட்டிவிடலாமே என்று சாய்கோடுகளைத் தேடி வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். அகப்பக்க முகவரிகளிலும் அதே இரட்டைச் சாய்கோடு வருகிறதே! முகவரி பாதியில் அறுந்துபோகும். அரைப்புள்ளி போடாமல் எழுதும் பழக்கம் இருந்தால் இன்னொரு தொல்லை. வரி முறிந்த பல இடங்களில் ஜாவாஸ்கிரிப்ட் தானே அரைப்புள்ளி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். வரிகளை ஒட்டினால் இரண்டு கட்டளைகள் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே, தேடி அழிக்கும் கத்தரி வேலை நிரலுக்கு ஆகாது. நிரலின் இலக்கணம் தெரிந்த டெர்சர் போன்ற கருவியிடம் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் நிரல் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். நான் இரண்டாவதையே சொல்வேன். ஏனென்றால், பெரிய லாபம் இருப்பது வேறு இடத்தில்.

அதுதான் சர்வரில் செய்யும் ஜிசிப் சுருக்கம். 1992 முதல் இருக்கிறது. அனுப்பும்போது இறுக்கிக் கட்டும். பிரௌசர் பிரித்தால் ஓர் எழுத்துகூட மாறாமல் வந்துவிடும். நிரல் உடைய வழியே இல்லை. இடைவெளிகள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், அவற்றையும் அதுவே நன்றாகச் சுருக்கிவிடும். 2016-இல் தரமாக வெளியான ப்ரோட்லி இன்னும் சற்று இறுக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இது கூடுதல் பயன். யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. குறிக்கு 3 பைட், ஆக 15 பைட். மலாயில் 'இபு' என்று ரூமி எழுத்தில் எழுதினால் மூன்றே பைட்! தமிழுக்கு ஏன் இந்தச் சுமை என்று தோன்றும். ஆனால், எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டு வகைதான். திரும்ப வருவதைக் கண்டுபிடித்துச் சுருக்குவதே ஜிசிப்பின் தொழில் என்பதால், அந்தச் சுமையில் பெரும்பகுதி வழியிலேயே இறங்கிவிடும்.

சர்வரும் சுருக்கி, உங்கள் நிரலும் சுருக்கினால் திரையில் கிறுக்கல் வரக்கூடும். யாராவது ஒருவர் செய்தால் போதும்.

மாற்றியபின் கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, 'கன்சோல்' பகுதியைப் பாருங்கள். சிவப்பு வரி இருந்தால் நிரல் எங்கோ உடைந்திருக்கிறது. அருகிலுள்ள 'நெட்வொர்க்' பகுதியில் உண்மையான அளவும் இணையத்தில் வந்த அளவும் தெரியும். அங்கேயே படங்களின் அளவையும் பாருங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த கோபுரப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் பல மெகாபைட் இருக்கும். படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஜிசிப் அதை அசைக்காது. அகலத்தைக் குறைத்து மறுபடி ஏற்றுங்கள்.